இடது பக்கத்து நாற்காலி

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் மூன்றாவது நாற்காலியில் உட்காருகிற பெண்ணுக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்தது யார் என்பது இப்போது யாருக்கும் நினைவில்லை. எதிர்முனையில் ஒருவர் கதறிக்கொண்டிருப்பார். இவள் குரல் ஒரு இழைகூட ஏறாது. "சரி, நான் லைன்லயே இருக்கேன். உங்க வீட்டு கேட் என்ன கலர்?" என்று கேட்பாள். கேட்டின் நிறத்தைச் சொல்ல ஆரம்பித்ததுமே கதறியவரின் மூச்சு பாதி சீராகிவிடும். பத்தொன்பது வருடங்களாக இதே வேலை. காதில் ஹெட்செட், முன்னால் இரண்டு திரைகள், பக்கத்தில் ஆறிப்போன டீ. மதியச் சாப்பாட்டை அழைப்புகளுக்கு நடுவே வாய் வாயாக முழுங்கியே பழகிவிட்டாள்.

வீட்டிலாவது நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை. நாலு பேர் என்றால் அவள், கணவர், கல்லூரியில் படிக்கிற மகள், கணவரின் அக்கா. நாத்தனார் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் வேண்டாம் என்று தம்பி வீட்டோடு இருந்துவிட்டவர். சமையலறைக்கும் பழைய சாமான்கள் அடைந்து கிடந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. அது இருந்தவரை ஒருத்தர் அடுப்படியில் நின்றபடி, ஒருத்தர் டிவிக்கு முன்னால், ஒருத்தர் புத்தகத்தோடு கட்டிலில் என்றுதான் சாப்பாடு நடந்தது. இந்த வருடம் ஒருவழியாகச் சுவரை இடித்தார்கள். ஆறு வாரம் தலையணைக்கு அடியில்கூடத் தூசி. கடைசியில் வெள்ளைச் சுவர், பளபளக்கும் டைல்ஸ், அகலமான ஜன்னல் என்று அறை தயாரானது.

நாத்தனார் அறையின் நடுவில் போய் நின்று "அடேயப்பா!" என்றார். அறையும் திருப்பி "யப்பா" என்றது.

மேசை வருகிறவரை மடக்கு நாற்காலிகளைப் போட்டு, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். ஒரு ஸ்பூன் விழுந்தால் பாத்திரக்கடையே சரிந்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் கணவர் பொறுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் தட்டை எடுத்துக்கொண்டு பழையபடி டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, இங்க என்ன குறை?"

"வெளிச்சம் கண்ணைக் கூசுது."

மறுநாள், அங்கே வெக்கையாக இருக்கிறது என்றார். அதற்கு மறுநாள் காரணமே சொல்லவில்லை. நிதானத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. இத்தனை பாடுபட்டுச் சுவரை இடித்தது இதற்குத்தானா?

அவர் அச்சகத்தில் பெரிய மெஷின் ஓட்டுபவர். இருபத்தாறு வருடங்களாகப் பாடப்புத்தகங்களும் காலண்டர்களும் மருந்து அட்டைகளும் அவர் கண் முன்னால்தான் தாள் தாளாக ஓடியிருக்கின்றன. கல்யாணமான புதிதில் அவர் வாயை மூட வைப்பதே பெரும்பாடாக இருந்தது. சாவு வீட்டில்கூடச் சிரிக்க வைத்துவிடுவார். கொஞ்ச வருடங்களாகத்தான் பேச்சு குறைந்துபோனது. வயசாகிறது, வேலை அலுப்பு என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். "அப்பாவுக்கு நாம போரடிச்சுட்டோம்மா" என்று மகள் ஒருநாள் விளையாட்டாகச் சொன்னாள். அதில் விளையாட்டு பாதிதான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேருமாகப் பர்னிச்சர் கடைக்குக் கிளம்பினார்கள். மகள் நாற்பது படங்களைப் போனில் சேர்த்து வைத்திருந்தாள். நீளமான மர மேசை, ஒரு பக்கம் முழுக்க பெஞ்ச், எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். நாத்தனாருக்கு மேசையைப் பற்றிக் கவலையில்லை. சுவருக்குச் சுவர் ஒரு பெரிய கண்ணாடி மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

"ரூம் ரெண்டு மடங்கா தெரியும். சிம்பிள் கணக்கு" என்றார்.

"நாம சாப்பிடறதும் ரெண்டு மடங்கா தெரியுமே அண்ணி" என்றாள் நிதானம்.

"தெரியட்டுமே. பாத்துப் பயந்து கொஞ்சமா சாப்பிடுவோம்."

கடை ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தது. உயரமான தகரக் கூரை, பெரிய பெரிய மின்விசிறிகள், எங்கிருந்தோ பாட்டு. மகள் தேடி வந்த நீள மேசை நடுவிலேயே இருந்தது. உட்கார்ந்து பார்த்தார்கள். கணவருக்கு ஓரத்து இடம். மற்ற மூவரும் அவருக்கு இடது கைப் பக்கம் வரிசையாக.

"அப்பா, பெஞ்ச் போடலாமா, எல்லாமே நாற்காலியா வாங்கலாமா?" என்று மகள் கேட்டாள்.

"ஆமாம்மா."

"ஆமான்னா எது?"

"நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்று அவர் மேசையின் விளிம்பைத் தடவினார்.

மகள் விருட்டென்று எழுந்துவிட்டாள். "விடுங்க. உங்களுக்கு எது வாங்கினா என்ன!"

அவர் ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்தார். நாத்தனார் வழக்கம்போல, "அவன் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். பாதி நேரம் வேற உலகத்துல இருப்பான்" என்றார்.

இன்னும் கொஞ்சம் சுற்றினார்கள். நாத்தனாருக்குக் கால் கடுத்தது. கடையின் மூலையில் கம்பளங்களும் திரைச்சீலைகளும் விற்கிற பகுதி இருந்தது. சுருட்டி நிறுத்திய கம்பளங்களுக்கு நடுவே ஒரு சின்ன வட்ட மேசை. விற்பனையாளர் பில் எழுதுவதற்காகப் போட்டிருந்தார்கள். "உக்காருங்கம்மா, பரவாயில்ல" என்று அவர் நாலு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தார்கள். தலைக்கு மேலே கனத்த துணிகள் தொங்கின. கடையின் இரைச்சல் அந்த மூலைக்குள் வரவில்லை.

மகள் செருப்பைக் கழற்றிக் காலை நீவிக்கொண்டு, தனக்குத்தானே முணுமுணுத்தாள்: "நடந்த நடைக்கு இந்நேரம் அடுத்த நாட்டுக்கே போயிருக்கலாம்."

"போயாச்சும்மா" என்றார் அப்பா உடனே. "இவரு பில் எழுத உக்காந்திருக்காருன்னா நெனச்ச? பாஸ்போர்ட் செக் பண்றாரு."

விற்பனையாளர் முதலில் சிரித்தார். அப்புறம் மகள், கோபத்தை விட மனமில்லாமல் சிரித்தாள். நாத்தனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிதானமும் சிரித்தாள். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லாத மனுஷர், முணுமுணுப்பைப் பிடித்துவிட்டார். இப்போது மகள் அவருக்கு வலது பக்கம் இருந்தாள்.

கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு நாளில் எத்தனையோ பேர் கூப்பிடுகிறார்கள். காது மந்தமானவரை முதல் இரண்டு வாக்கியத்திலேயே அவள் கண்டுபிடித்துவிடுவாள். கேள்வி முடிவதற்கு முன்னாலேயே "ஆமா, ஆமா" வரும். அல்லது முந்தைய கேள்விக்கான பதில் இந்தக் கேள்விக்கு வரும். அப்படி வந்தால் சின்னச் சின்ன வார்த்தைகளாகப் பேச வேண்டும், ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதே "ஆமா, ஆமா" அவள் வீட்டுக்குள்ளேயே வருடக்கணக்காக நடமாடியிருக்கிறது.

திரும்பும்போது பேருந்தில் வேண்டுமென்றே அவருடைய இடது பக்கம் உட்கார்ந்தாள். முகத்தைத் திருப்பாமல், சாதாரணக் குரலில், "நாளைக்கு நான் லீவு போடறேன்" என்றாள்.

"ஆமா, நல்ல கடைதான்" என்றார் அவர்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். 

மறுநாள் நிஜமாகவே லீவு போட்டாள். மகள் கல்லூரிக்கும் நாத்தனார் நூலகத்துக்கும் போன பிறகு, காலி அறையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்த கணவரின் வலது பக்கமாக வந்து நின்றாள். அவருக்கு அன்று மதிய ஷிப்ட்.

"எத்தனை வருஷமா?"

எது என்று அவர் கேட்கவில்லை. கன்னத்து நுரையைத் துண்டால் துடைத்தார். "நாலஞ்சு வருஷம் இருக்கும். இடது காது மட்டும்தான். முதல்ல ஒரு இரைச்சல் மாதிரி இருந்துச்சு. அப்புறம் அந்த இரைச்சல்கூட இல்ல."

"என்கிட்ட சொல்ல என்ன?"

"சொன்னா மெஷினை விட்டுத் தூக்கிடுவாங்க. எச்சரிக்கை மணி கேக்காதவனை யாரு மெஷின்ல நிறுத்துவா?" துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "அதோட, நீ நாள் பூரா அடுத்தவங்க சொல்றதைக் கேட்டுக் கேட்டு, சொன்னதையே திரும்பச் சொல்லிட்டு வர்றவ. வீட்டுக்கு வந்தும் 'என்ன, என்ன'ன்னு உன் உயிரை எடுக்கணுமா?"

"அதுக்குப் பேசாமயே இருந்துடறதா?"

"பேசினாத்தானே பதில் சொல்வாங்க. பதில் சொன்னா கேக்கணுமே." சிரிக்கப் பார்த்தார். "இந்த ரூம் வேற, எல்லாச் சத்தத்தையும் கலக்கி அடிக்குது. நல்ல காதுக்கும் ஒண்ணும் பிடிபடல. அதான் அந்தப் பக்கம் போயிட்டேன். உன் ரூம் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் அவர் தோளில் தலையைச் சாய்த்து, பத்தொன்பது வருடங்களில் ஒரு தடவைகூட ஏறாத குரலை ஏற்றி, நன்றாகத் திட்டினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வலது காது பக்கம்தான் திட்டினாள்.

அன்று ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்ததும் அவரே மற்ற இருவரிடமும் சொன்னார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் திடீரென்று, "வேற உலகம்னு சொல்லிட்டேனேடா!" என்று வீடு அதிரக் கத்தினார்.

"அக்கா, மெதுவா. இந்தக் காதையும் கெடுத்துடாத."

அதற்குப் பிறகு மேசை தேடும் விதமே மாறியது. கணவர் அச்சகத்திலிருந்து பாழான பெரிய தாள்களைக் கொண்டுவந்தார். அவற்றை ஒட்டி, நாத்தனார் நூலும் பென்சிலும் வைத்து டீச்சர் சுத்தத்தோடு வட்டங்கள் வரைந்தார். ஐந்து அடி வட்டத்தைத் தரையில் விரித்து, சுற்றி உட்கார்ந்து பேசிப் பார்த்தார்கள். எதிரில் இருப்பவர் பேச்சு தேய்ந்து வந்தது. நாலு அடியில் எல்லாம் கேட்டது. அதில் எட்டுப் பேர் உட்கார முடியாது. "எட்டுப் பேரு வந்தா ரெண்டு பந்தி" என்று மகளே தீர்ப்புச் சொன்னாள். நாற்காலிகளுக்கு மெத்தை வைத்த இருக்கை, காலுக்கு அடியில் கம்பளித் துண்டு. இழுத்தால் கீச்சிடக் கூடாது என்பதற்காகக் கடையில் இருந்த அத்தனை நாற்காலியையும் மகள் இழுத்துப் பார்த்தாள். விற்பனையாளர் முகத்தில் ஈ ஆடவில்லை.

சுவர்தான் இழுபறி. கண்ணாடி மாட்டினால் சத்தம் இன்னும் துள்ளும் என்று மகள் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். நாத்தனார் ஒப்புக்கொள்ளவில்லை. வெற்றுச் சுவருக்கு முன்னால் நின்று கைதட்டினார், காதைத் தீட்டிக் கேட்டார். தன் அறையிலிருந்து கம்பளியை எடுத்து வந்து தம்பியை விரித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி தட்டினார். வித்தியாசம் தெரிந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, "நிரூபணமாயிடுச்சு" என்றார். கண்ணாடியை அவர் அறையிலேயே மாட்டிக்கொண்டார். அந்த அறை இரண்டு மடங்காகத் தெரிந்ததா என்று கேட்டால், அலமாரியின் அலங்கோலம்தான் இரண்டு மடங்காகத் தெரிந்தது.

நீண்ட சுவரில் ஒரு கனத்த கம்பளத்தைத் தொங்கவிட்டார்கள். அந்தக் கடை மூலையில் அவர்கள் தலைக்கு மேல் தொங்கியதுதான். செங்கல் நிறத்தில் பட்டை பட்டையாக, நடுவில் ஒரு பச்சைக் கோடு. ஜன்னலுக்குத் தடித்த திரை. இடப்பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை புத்தகத் தட்டுகள். நாத்தனாருடைய புத்தகங்கள் கட்டிலுக்கு அடியிலிருந்து விடுதலையாகி அதில் ஏறின. மேசையை அந்தத் தட்டுகளை ஒட்டி நகர்த்தி, கணவருடைய நாற்காலியை அவருடைய இடது பக்கம் யாரும் உட்கார முடியாதபடி போட்டார்கள். இடது பக்கம் புத்தகங்கள். அவை பேசப்போவதில்லை.

இதற்கு நடுவில் காது டாக்டரிடமும் போனார்கள். இடது காதில் போனது போனதுதான், மிச்சத்துக்கு ஒரு கருவி உதவும் என்றார் டாக்டர். அச்சகத்தில் அவரே போய்ச் சொல்லிவிட்டார். பயந்த மாதிரி வீட்டுக்கு அனுப்பவில்லை. அச்சடித்த தாள்களின் நிறத்தைச் சரிபார்க்கிற மேசைக்கு மாற்றினார்கள். கண்தானே முக்கியம் அங்கே. ஆனாலும் ஒரு மாதம்போல அவர் மெஷின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் அந்த வருத்தம் முழுசாகப் போகவில்லை. கருவியைப் போட்டுக்கொண்டால் தான் மெல்லுகிற சத்தமே பெரிதாகக் கேட்கிறது என்று சாப்பிடும்போது கழற்றி வைத்துவிடுகிறார். அந்த மேசையில் அவருக்கு அது தேவைப்படுவதும் இல்லை.

நிதானத்தின் ஆசை ஒருவழியாக நிறைவேறிவிட்டது. ஆனால் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறதா என்றால், எங்கே! வாசலை ஒட்டி இன்னொரு சின்னச் சுவர் வெறுமையாக இருக்கிறது. அதில் என்ன மாட்டுவது என்று மூன்று மாதமாகச் சண்டை. மகளுக்கு ஓவியம் வேண்டும். நாத்தனாருக்குக் கடிகாரம். கணவர், தான் சரிபார்த்த நாட்காட்டியைத்தான் மாட்ட வேண்டும் என்கிறார். மற்ற இருவருடைய யோசனைகளையும் கிண்டல் செய்து கிழிக்கிறார். ஒருத்தர் பேச்சில் இன்னொருத்தர் புகுந்து, தட்டில் கை காய்ந்துபோகிறது. போன வாரம் நிதானம் பொறுமை இழந்து, "ஒரு அஞ்சு நிமிஷம் யாராவது பேசாம சாப்பிடுங்களேன்!" என்றாள்.

"முடியாது" என்றார் கணவர், அடுத்த வாயை எடுத்து வைத்துக்கொண்டே.