நடுவாசல் கதவு

மேலப்பாளையத்தில் எங்கள் வீடு நின்ற இடத்தில் இப்போது வெறும் வானம் நிற்கிறது. பாட்டனார் கொழும்பு வியாபாரத்தில் சம்பாதித்துக் கட்டிய மாளிகை. இந்தத் தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம். விற்றது நான்தான், துபாயில் இருந்துகொண்டே. என் அக்காளை, ராத்தாவை, நச்சரித்துக் கையெழுத்துப் போட வைத்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"நடுவாசக் கதவ மட்டும் எனக்குக் குடுத்துரு."

சரி என்றேன். வீட்டை இடிக்கிறவர் போனில் கேட்டபோது எனக்கு ஏதோ அவசரம்; எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ராத்தா என்னிடம் பேசவில்லை. ஊருக்கே திரும்பி வந்து, தனியாக ஒரு வாடகை மாடியில் கிடக்கிறேன். இப்போதும் பேசுவதில்லை.

அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் யாராவது உள்ளே உம்மாவோடு இருப்பார்கள். அதனால் வீட்டு ஆண்களும் கதவருகே நின்று செருமிவிட்டுத்தான் போக வேண்டும். எனக்குக் குரல் உடைந்த வருடம் வாப்பா சொன்னார், "இனிமே நீயும் செருமிட்டுப் போலே." அதுவரை நான் ஓடித் திரிந்த வீடு அன்று பாதியாகக் குறைந்தது.

போன வாரம் புறவழிச் சாலையில் இருக்கும் பழைய மரக்கடைக்குப் போனேன். ஊரில் இடித்த வீடுகளெல்லாம் அங்கே துண்டு துண்டாகச் சாய்ந்து கிடந்தன. ஜன்னல்கள், அவற்றின் வழியே வேறு ஜன்னல்கள். வேப்பமரத்தில் சாய்த்து, நிலையோடு, மூடியபடி எங்கள் கதவு. கிட்டே போனேன். என்னை அறியாமல் செருமினேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னவே பாய், தொண்டையில மீன் முள்ளா? பைய வாரும், ஆணி கெடக்கு."

கதவு வேண்டும் என்றேன். எங்கள் வீட்டுக் கதவு என்றேன்.

"குத்தாலத்து லாட்ஜிக்காரருக்குக் குடுத்தாச்சு. லாரி வந்துக்கிட்டு இருக்கு. ஒம்ம வீட்ட இடிச்சது நாந்தான். போன்ல எல்லாத்தையும் அள்ளிட்டுப் போங்கன்னு சொன்னது நீருதானவே?"

நான்தான். கூடுதலாகத் தருகிறேன் என்றேன். அவர் தலையாட்டவில்லை. வேறு ஆளிடம் வாக்குக் கொடுத்தாயிற்றாம்.

ராத்தாவுக்குப் போன் அடித்தேன். எடுத்தாள். கதவைக் கண்டுபிடித்ததையும், அது கை நழுவிப் போவதையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"எந்தப் பக்கம் நிக்க?" என்றாள்.

"முன்பக்கம்."

"நீ என்னைக்கும் முன்பக்கந்தான். பின்னால போய்ப் பாரு."

மரத்தைச் சுற்றிப் போனேன். என் தோள் உயரத்தில், ஒரு தலை அளவுக்கு, தேக்கு கறுத்து வழுவழுப்பாக இருந்தது. தேங்காயெண்ணெய்க் கறை. முன்பக்கத்தில் வாப்பா பேசியது, நிக்காஹ் பேசியது, நான் வெளிநாடு போகிறேன் என்று சொன்னது, எல்லாவற்றையும் உம்மா இங்கே தலை சாய்த்துத்தான் கேட்டிருக்கிறாள்.

"பாத்தேன்" என்றேன்.

இணைப்பு எப்போதோ அறுந்திருந்தது.

குனிந்து அந்த இடத்தில் காதை வைத்தேன். மரம் வெயிலில் சுட்டது. மறுபக்கத்தில் லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது.