அறிவுச்செல்வி வீட்டுக்கு மாதா வந்த கதை

சின்னாளப்பட்டியில் பன்னிரண்டு வருஷமாகத் தெருக்கூட்டும் அறிவுச்செல்விக்கு வாய் கொஞ்சம் நீளம். மாதா கோயிலில் மட்டும் அதை அடக்கிக்கொண்டு, செருப்பு விடும் வாசலை ஒட்டிக் கடைசியில் உட்காருவாள். பக்கத்தில் இரண்டு ஆள் இடம் எப்போதும் காலியாகக் கிடக்கும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே காரியம் நடக்கிற ஊர்.

அந்தக் காலி இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகாட்டோ வந்து உட்கார்ந்தாள். உகாண்டாக்காரி, கம்பாலாவில் ஒரு நீதிபதியின் மகள். காந்திகிராமத்தில் ஆராய்ச்சிப் படிப்பு. அவள் நிறத்தைப் பார்த்து முன்னால் இருந்த பெண்கள் நெருக்கிக்கொண்டு இடத்தை அடைத்துவிட்டார்கள். தாங்கள் என்னமோ பால் வெள்ளை என்ற நினைப்பு. ஜெபமாலையில் முதல் பாதியை அறிவுச்செல்வி தமிழில் சொல்ல, மறுபாதியை நகாட்டோ தன் பாஷையில் முடித்தாள். கடைசி மணி வரைக்கும் பிசகவில்லை.

"அடுத்த வாரமும் வாரியாத்தா?"

"வாரேன் அக்கா."

அப்புறம் என்ன, வாராவாரம் நீதிபதி மகள் அறிவுச்செல்வி வீட்டுத் தரையில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பை வழித்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அறிவுச்செல்விக்கு ஒரே ஆசை. அக்டோபர் மாதம் வீடு வீடாகப் போகிற மாதா சுரூபம் தன் வீட்டில் ஒருநாள் தங்க வேண்டும். ஆறு வருஷமாகக் கேட்டுப் பார்த்தாள். வீடுகளின் பட்டியலை எழுதுகிறவர், அந்தப் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்குத் தலைவியான டீச்சர். "வீடு சின்னது அறிவு. சனம் நிக்க எடம் வேணும்ல" என்று ஒவ்வொரு வருஷமும் அன்பாகத்தான் சொல்வார். அந்த அன்புதான் அவளுக்கு ஆத்திரம்.

நகாட்டோ தன் வாடகை மாடிவீட்டுக்குக் கேட்டதும் தேதி கிடைத்தது. பக்கத்தில் உட்காரத்தான் யோசனை. நீதிபதி வீட்டுப் பிள்ளையைப் பட்டியலில் சேர்க்க யாருக்கும் யோசனை இல்லை.

மாதா ஒருநாள் தங்கியபின், அந்த வீட்டுப் பெண்தான் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் வைக்க வேண்டும். மற்றவர்கள் பாடிக்கொண்டே பின்னால் போவார்கள். அதுதான் முறை. மாதா நகாட்டோ வீட்டுக்கு வந்த மறுநாள் சாயங்காலம் எல்லாரும் அங்கே கூடியதும், நகாட்டோ சுரூபத்தை எடுத்து அறிவுச்செல்வி கையில் கொடுத்தாள்.

"எனக்கு இங்க வீட்டு ஆள் நீங்கதான் அக்கா."

தெருமுக்கில் வலப்பக்கம் திரும்பினால் டீச்சர் வீடு. பட்டியலில் அடுத்த வீடு அதுதான். இடப்பக்கம் போனால் அறிவுச்செல்வி வீடு. அங்கே பூ இல்லை, மெழுகுவர்த்தி இல்லை, கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். செத்த நேரம் நின்றவள் இடப்பக்கம் திரும்பினாள்.

"அறிவு, போற வழி இந்தப் பக்கம்" என்றார் டீச்சர்.

"தெரியும் டீச்சர். எங்க வீடு இந்தப் பக்கம்."

பாட்டு நின்றுபோனது. நகாட்டோ மட்டும் அரைகுறைத் தமிழில் விடாமல் பாடினாள். மாதாவை நடுத்தெருவில் விட்டுவிட்டுத் திரும்பிப் போக யாருக்கும் துணிச்சல் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். டீச்சர் கடைசி ஆளாக வந்தார். அரிசி டின் மேல் புதுத் துண்டை விரித்து மாதாவை வைத்த அறிவுச்செல்வி, சந்தோஷம் தாங்காமல் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டாள்.

முறை என்றால் முறைதானே. மறுநாள் மாதாவை டீச்சர் வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டியவள் அறிவுச்செல்வி. பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டு முன்னால் கூட்டியிருக்கிறாள். வாசல்படி ஏறியதில்லை. டீச்சர் படியிலேயே நின்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

அறிவுச்செல்வி கொடுக்கவில்லை.

"உள்ள எங்க வைக்கணும் டீச்சர்?"

பின்னால் அத்தனை சனமும் பார்த்துக்கொண்டு நின்றது. டீச்சர் கையை இறக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"நீயும் வாத்தா" என்று நகாட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டு அறிவுச்செல்வி படியேறினாள்.