தாய்வீட்டுக்கு வந்த நரம்புச் சிலந்தி

என் அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது கணுக்காலில் ஒரு கொப்புளமும் கூடவே வந்தது. நாலாம் நாள் அது உடைந்து, வெள்ளை நூல் மாதிரி ஒன்று தலையை நீட்டியது. நரம்புச் சிலந்தி. பெயரைக் கேட்டால் எட்டுக் கால் இருக்குமென்று தோன்றும். இது காலே இல்லாத புழு. குச்சியில் சுற்றித் தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுத்துவிட்டால் கால் வீங்கி ஆளைப் படுக்கப் போட்டுவிடும். வயிற்றில் ஏழு மாதம், காலில் இது. அம்மா அழுதாள். ஒன்பது வயதான எனக்கோ அந்தக் குச்சியை விட்டுக் கண் நகரவில்லை. உள்ளே இன்னும் எவ்வளவு நீளம் இருக்கும், அது எதைத் தின்றது, அதற்குக் கண் உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அறுபதுகளின் கடைசி அது. அரூரிலிருந்து தீர்த்தமலைக்குப் போகும் வழியில் இருந்த எங்கள் ஊருக்கு ஒரே ஒரு படிக்கிணறுதான் குடிதண்ணீர். படியிறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றுதான் குடத்தை முக்குவோம். ஊரில் பாதிப் பேருக்குக் காலில் குச்சி தொங்கியது. இதை ஆராய்வதற்கென்று ஒரு டாக்டர் மைக்ராஸ்கோப்போடு வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார். நல்ல மனிதர். ஆனால் வாயைத் திறந்தால், "முதிர்ந்த பெண் புழு நீர்த் தொடர்பு ஏற்பட்டவுடன் இளம் உயிரிகளை வெளியேற்றுகிறது" என்பார். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுக் குடத்தோடு கிணற்றில் இறங்கினார்கள்.

கடைசியில் ஊருக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்ல அவர் என் மாமாவைப் பிடித்தார். மாமா அம்மாவின் தம்பி. எங்கள் மாதா கோயில் உபதேசியார். ஞானோபதேச வகுப்பில் தூங்கும் பிள்ளைகளைக் கதை சொல்லியே எழுப்பிவிடுவார். ஆராய்ச்சியைச் சொல்வதற்கு முன்னால் டாக்டரை அவர் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

"ஏனுங்க டாக்டரே, அது காலுக்கே வருதே, கை என்ன பாவம் பண்ணுச்சுங்க?"

டாக்டர் சிரித்துக்கொண்டே பொறுமையாக விளக்கினார். பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஊரை உட்காரவைத்து மாமா ஆரம்பித்தார்.

"காலுக்குள்ள இருக்கறது புழு இல்லீங்க, அவளும் ஒரு புள்ளத்தாச்சி. கண்ணுக்குத் தெரியாத குஞ்சா கெணத்துல பொறந்தா. அவளத் தண்ணிப்பூச்சி முழுங்குச்சு, அந்தப் பூச்சிய நாம முழுங்கினோம். ஒரு வருசம் நம்ம ஒடம்புல வளந்து, மாசம் நெறஞ்சதும் பிரசவத்துக்குத் தாய் வூட்டுக்குப் பொறப்பட்டுட்டா. தாய் வூடு எது? கெணறு. நம்ம ஒடம்புல கெணத்துக்குப் போறது காலுதான? அதான் காலுக்கு எறங்கி வந்து காத்திருக்கா. கால் தண்ணியில பட்டா போதும், பால் கொட்டுனாப்பல ஆயிரம் புள்ளைங்கள எறக்கிடுவா. அவள உள்ள வுடாதீங்க. கால் கழுவுன தண்ணியக்கூடக் காஞ்ச மண்ணுல ஊத்துங்க."

ஒரு குழந்தை கூட அழவில்லை. மறுநாளே படிகளில் வேலமுள் வெட்டிப் போட்டு அடைத்து, மேலே கப்பி மாட்டிக் கயிற்றில் தண்ணீர் இறைத்தார்கள். டாக்டர் அசந்துபோனார். அடுத்த வருஷம் ஒருவர் காலிலும் புழு வராவிட்டால், இந்தக் கதையைத் தாலுகா முழுக்க மாமாவையே சொல்லவைப்பதாகச் சொன்னார். மாமா அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று கையை ஆட்டிப் பழகிக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் அக்கா எரிச்சல் தாங்காமல், "மண்சட்டியில கொஞ்சம் தண்ணி கொண்டாடி" என்றாள். அவள் காலை வைத்து ஒரு பெருமூச்சு விட்டதும், சட்டித் தண்ணீரில் பால் மாதிரி ஒன்று சுருள் சுருளாகப் பரவியது. மாமா சொன்னது அத்தனையும் நிஜம். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"காஞ்ச மண்ணுல ஊத்திட்டு வந்துரு" என்றாள் அக்கா.

சட்டியோடு வாசலில் நின்றேன். மண் வெயிலில் கொதித்தது. அக்கா வந்தபோது ஊரே எதிர்கொண்டு அழைத்தது. காலுக்குள் இருந்த இவளும் அதே வண்டியில்தானே தாய்வீட்டுக்கு வந்தாள்? இவளுக்கு மட்டும் முள்ளா? சட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்தேன். முள்ளுக்கிடையே நுழைந்து, கையெல்லாம் கீறிக்கொண்டு கீழ்ப்படிக்குப் போய், ஒரு சொட்டு சிந்தாமல் கிணற்றில் ஊற்றினேன்.

அக்காவுக்குச் சுகப்பிரசவம், ஆண் குழந்தை. நான் அவ்வப்போது கிணற்றை எட்டிப் பார்த்து, இன்னொரு தாயின் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த வருஷம் வெயில் காலத்தில் ஏழு பேருக்குக் கொப்புளம் வந்தது. அதில் ஒருவர் மாமா. திரும்பி வந்த டாக்டர் முள்வேலியைப் பார்த்தார், மாமாவின் பாதத்தைப் பார்த்தார். "ஒருத்தரும் எறங்கலீங்க டாக்டரே" என்றார் மாமா. டாக்டர் தலையாட்டிவிட்டு ஏழு பேரின் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ஆனால் தாலுகாவுக்குக் கதை போகவில்லை. அச்சடித்த நோட்டீசு போனது. மாமா எங்கள் ஊரிலும் அந்த நோட்டீசையே வரிக்கு வரி வாசித்தார். ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள்.

அன்று சாயங்காலம் மாமாவின் காலுக்கு நான்தான் குச்சியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் மடியில் கிடந்த நோட்டீசை நாலாக மடித்தார். பிறகு, "கதைன்னா கேட்டுட்டுப் போயிடறாங்க கண்ணு. ஒருத்தரும் மனசுல வாங்கிக்கலை" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது.

எனக்கு அந்த ஜனங்கள்மேல் கோபமாக வந்தது. "ஆமா மாமா" என்று சொல்லிவிட்டு, அறுந்துவிடாமல் குச்சியை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.