எல்லோரும் உட்காரும் வியாழக்கிழமை மேசை

செல்வி கசிப்பை, அதாவது கள்ளச் சாராயத்தை, தொட்டுப் பதினோரு வாரமாகிறது. அவருடைய சம்மதத்தோடு கிளினிக் அட்டையைப் பார்த்து இதை உறுதிப்படுத்தியவர் தோட்டத்து மருத்துவமாது. செல்வி எட்டு மாதக் கர்ப்பிணி; பெயரை மாற்றியிருக்கிறேன். குடிப்பழக்கத்துக்கான சிகிச்சையும் கர்ப்பகாலப் பராமரிப்பும் இந்தத் தோட்டத்து கிளினிக்கில் ஒரே அறையில் நடப்பதாகக் கேள்விப்பட்டு, போன வியாழக்கிழமை அங்கே போனேன்.

கேகாலையில் காலை 6.40க்கு பஸ். புளத்கொகுபிட்டியவில் இறங்கும்போது எட்டு மணி, நல்ல மழை. தோட்டத்துக்கு இன்னும் நான்கு கிலோமீற்றர். த்ரீவீலுக்கு அறுநூறு ரூபாய்.

"முந்தி குடிக்கிறவங்களுக்குன்னு சனிக்கிழமை தனியா கிளினிக் வச்சாங்க," என்றார் சாரதி. "நான் யாரை இறக்கி விட்டேன்னு சாயங்காலத்துக்குள்ள லயத்து வீடுங்க பூரா தெரிஞ்சிடும். அப்புறம் ஒருத்தரும் ஏறலிங்க."

அது தங்கள் தவறுதான் என்று மருத்துவமாதுவும் ஒப்புக்கொண்டார். இப்போது குடியை விட ஆலோசனை சொல்லும் உளவளத்துணையாளர், கர்ப்பிணிகளுக்கு நிறை பார்க்கும் வியாழனன்றே வருகிறார். இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் மேசையிலேயே உட்காருகிறார். குடிப்பவரோ இல்லையோ, எல்லோரிடமும் குடியைப் பற்றி ஒரே மூன்று கேள்விகள்.

"எங்க வீட்டுக்காரரையும் ஒரு நாளு இங்க உக்கார வைங்க மிஸ்," என்றார் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த கர்ப்பிணி ஒருவர்.

"வயித்தோட வரச் சொல்லு, பாக்கிறேன்," என்றார் மருத்துவமாது. காத்திருந்தவர்கள் உட்கார்ந்திருந்த வாங்கு முழுக்கச் சிரிப்பு.

செல்வி வெளியே வந்து பேசினார். "பிள்ளைய எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயம். அதான் அஞ்சு மாசம் இந்தப் பக்கமே வரலிங்க. நானா ஒரு நாள் சட்டுனு நிப்பாட்டினேன், கைகாலெல்லாம் நடுங்கிருச்சு. எங்க அக்காதான் இங்க இழுத்துக்கிட்டு வந்தாங்க." அன்று யாரும் அவரைத் திட்டவில்லை. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்து, மருந்து கொடுத்துக் கவனித்தார்கள். "இப்ப நானும் பிள்ளையும் ஒரே அட்டையிலதான் இருக்கோம்," என்று அதை எடுத்துக் காட்டினார்.

போகிறவர்களுக்கு: முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். படம் எடுக்காதீர்கள். திரும்பும் பஸ் 2.15க்கு. உங்களுக்குத் தெரிந்த கர்ப்பிணி யாராவது குடிப்பவராக இருந்தால், இன்றே நிறுத்து என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். திடீரென நிறுத்துவதும் ஆபத்து. கிளினிக்குக்குக் கூடவே போங்கள்.

பிள்ளை செல்வியோடு லயத்துக்கு வரும் என்று டாக்டர் வாயால் சொல்லியிருக்கிறார்; எழுத்தில் இன்னும் இல்லை. வரும் வியாழன் காலை ஒன்பது மணிக்கு, அதே மேசையில், செல்வியையும் வைத்துக்கொண்டு எழுதுவார்கள். பிரசவம் அதற்கு நான்கு வாரம் கழித்து. பிள்ளைக்குச் சின்னச் சட்டை இரண்டு துவைத்துக் காயப்போட்டிருக்கிறாராம் செல்வி, மழைதான் விடவில்லை.