கீழே இருந்த பெட்டகம்

ஒவ்வொரு வருடமும் பனி கொட்டத் தொடங்குமுன் என் கணவர் வேலைத்தலத்து நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போவார். அவரிடம் ஐந்து துப்பாக்கிகள் இருந்தன. புவாண்ட்-கிளேர் என்ற ஊரில் வீடு வாங்கியதும் முதலில் வந்து இறங்கியது கட்டிலோ மேசையோ அல்ல, அவற்றுக்கான இரும்புப் பெட்டகம்தான். அதைப் பேஸ்மென்டில், வீட்டின் நிலக்கீழ் அறையில், கொங்கிரீட் தரையோடு சேர்த்து இறுக்கினார். தோட்டாக்களை வேறொரு பெட்டியில் பூட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் துப்பாக்கிகளுக்கு எண்ணெய் பூசித் துடைக்கிற பக்குவத்தைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். என் தலைமுடியைக்கூட அவர் அப்படித் தொட்டதில்லை.

ஒருநாள் நாங்கள் கோயிலிலிருந்து திரும்பியபோது பின்கதவு உடைந்து கிடந்தது. அவர் என்னைச் சமையல் செய்யும் குசினியில் விட்டுவிட்டுக் கீழே ஓடினார். கள்ளர் இன்னும் மேலே இருப்பார்களோ என்று நான் மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பயப்படாதையும், ஒண்டும் போகேல்லை,” என்று கீழிருந்து அவர் குரல் வந்தது.

படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தேன். அலுமாரி திறந்து கிடந்தது. என் கலியாணக் காப்புகளைக் காணவில்லை.

“உங்கட துவக்குகள் பத்திரம். என்ர காப்புகள்தான் போட்டுது,” என்றேன்.

அவர் மேலே வந்து பொலிசைக் கூப்பிட்டார். பொலிஸ் வந்து போன பிறகு, “மிச்ச நகையளை அந்தப் பெட்டகத்துக்குள்ள வைப்பமே?” என்று மெல்லக் கேட்டார்.

“அதுகளோட என்ர சாமான் இருக்க வேண்டாம்.”

அடுத்த கிழமை எனக்கென்று ஒரு சின்னப் பெட்டகம் வாங்கி வந்து, அலுமாரிக்குள் சுவரோடு பொருத்தினார். எனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. அதன் கதவு, கீழே இருந்த துப்பாக்கிப் பெட்டகத்தின் கதவில் பாதித் தடிப்புக்கூட இல்லை.