எனாமல் தட்டும் விலை கொடுத்துப் பெற்ற விசாரணையும்

பதுளைக் கடைவீதியில் நானும் என் மனைவியின் தமையனாரும் கூட்டாகப் பாத்திரக் கடை நடத்தி வந்த நாளில், புகைவண்டி பண்டாரவளையோடு நின்றுவிடும். கொழும்பு இறக்குமதி நிறுவனமொன்றின் முகவர் ஒருமுறை அங்கு வந்து தங்கி, எங்களுக்கு ஆளனுப்பினார். வெள்ளை எனாமல் பூசி நீலக் கரையிட்ட இரும்புத் தட்டுகள் அவரிடம் பெட்டி பெட்டியாக இருந்தன. முழுச் சரக்கையும் எடுத்துக்கொண்டால் ஊவா மாகாணம் முழுமைக்கும் விற்கும் உரிமையை எங்களுக்கே தருவதாகவும், இல்லையேல் எதிர்க்கடைக்குக் கொடுத்துவிடுவதாகவும் கூறினார். எடுப்பதாயின் எங்கள் கைம்முதல் அனைத்தையும் அதில் இறக்க வேண்டும். விற்காவிடில் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான். மாத முடிவுக்குள் தந்தியில் மறுமொழி வேண்டும் என்றார் அவர்.

தோட்டப் பள்ளியில் முன்பு ஆசிரியராயிருந்த கிறித்தவர் ஒருவர் பண்டாரவளையில் இருந்தார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகச் சென்று, மக்கள் எதை விரும்புகிறார்கள் என்று கேட்டறிந்து வணிகர்க்குச் சொல்வதைத் தொழிலாகக் கொண்டிருந்தார். அவரை அமர்த்தலாம் என்றேன். மைத்துனருக்கு அது ஒப்பவில்லை.

"ஏன் மாப்ள, சனங்க வாங்குமா வாங்காதான்னு சொல்ல ஒரு வாத்தியாருக்குக் கூலி குடுக்கணுமா? நான் சும்மாவே சொல்லுவேனே!"

"சரி, சொல்லுங்க மச்சான்."

"எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

கடைசியில் வாத்தியாரையே அமர்த்தினோம். அதன்பின் எனக்கு அமைதியில்லை. முகவர் விட்டுச்சென்ற மாதிரித் தட்டைக் காலையில் எடுத்துப் பார்த்தால் அழகாயிருக்கும். மாலையில் பார்த்தால் சாயம் பூசிய தகரமாகத் தோன்றும். முகவரும் பண்டாரவளையில், விசாரிக்கப் போனவரும் பண்டாரவளையில். முகவரிடமும் இவர் கூலி பெற்றிருந்தால் என் செய்வது என்ற எண்ணம் உண்ணும்போதும் என்னை விடவில்லை.

வாத்தியார் மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தார். அப்புத்தளை முதல் தெமோதரை வரை சென்றிருந்தார். பெண்கள் நீலக் கரையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்களாம். பித்தளையினும் மலிவு, புளியிட்டுத் துலக்கும் வேலையும் இல்லை என்று மகிழ்ந்தார்களாம். பிடிக்கவில்லை என்றவர் ஒருவருமிலர்.

ஒருவருமிலர் என்ற அச்சொல்லே என்னை அச்சுறுத்தியது. வீடு தேடி வந்தவர் ஒரு பொருளை ஆசையோடு நீட்டும்போது, நன்றாக இல்லை என்று யார்தான் முகத்துக்கு நேரே சொல்வார்?

மைத்துனர் அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ரொம்ப நல்லதுங்க. அப்ப ஒங்க கூலிய இந்தத் தட்டாவே எடுத்துக்கங்க. கொள்முதல் விலைக்கே தாறோம். வித்தா லாபம் ஒங்களுக்கு."

அவர் சிரித்தார். மைத்துனர் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்.

"வேணாங்க முதலாளி. ரூபாயாவே குடுத்துருங்க."

"ஏங்க? எல்லாருக்கும் பிடிச்சிருக்குன்னீங்களே?"

"பிடிச்சிருக்குங்க. ஆனா வீட்டுல ஒரு அவசரம்னா இத வச்சு நான் என்ன செய்யிறது? பித்தளையா இருந்தாலாவது அடகுக்கடையில வைக்கலாம். இத யாரு வாங்கி வைப்பா?"

கூறி முடித்த பின்னரே தம் சொல் அவர் செவியில் விழுந்தது போலும்; தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டார். லயத்துப் பித்தளைக் குடம் சம்பளத்துக்கு முன் அடகுக்கடைக்குப் போவதும், சம்பளம் கிடைத்ததும் மீண்டு வருவதும் நாங்கள் கண்ணாரக் கண்டவை. அதனை இந்தத் தட்டோடு சேர்த்து எண்ண எங்கள் மூவருள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அலைஞ்சு விசாரிச்சதுக்குக் கூலி, இப்பச் சொன்னது இனாமா?" என்று கேட்டபடியே மைத்துனர் முழுக் கூலியையும் எண்ணிக் கொடுத்தார்.

எனக்கோ ஐயம் தீரவில்லை. தனியொருவரின் பணமுடை ஒரு மாகாணத்தின் மனமாகிவிடுமா? தந்தி அலுவலகத்துக்குப் போகும் வழியில் திரும்பிவிட எண்ணி நின்றேன், பிறகு நடந்தேன். சரக்கு வேண்டா என்று தந்தி கொடுத்தேன். சில நாளில் எதிர்க்கடை வாயிலில் அத் தட்டுகள் வரிசையாகத் தொங்கின.

சம்பளம் போட்ட மறுநாள் ஞாயிறு. தோட்டத்து மக்கள் அக் கடையில் குழுமினர். தட்டுகளைத் தட்டிப் பார்த்தார்கள், கரையைத் தடவினார்கள், ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்தார்கள். ஒவ்வோர் ஓசையும் என் நெஞ்சில் விழுந்தது. ஒரு பெண் தட்டொன்றை முந்தானையில் பொதிந்துகொண்டு படியிறங்கினாள். நான் நிலைக்காலைப் பற்றிக்கொண்டேன். அவளுக்குப் பின் ஓர் ஆண், கையில் ஒரு தட்டோடு. அவனுக்குப் பின் வந்தவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். கூட்டம் கலைந்தபோதும் தட்டுகள் வரிசை குலையாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

"மாப்ள, அங்கயே பாத்துக்கிட்டு நின்னா எப்பிடி? இந்தம்மா செம்புக்கு வெல கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு!"

உள்ளே திரும்பிச் செம்பை எடுத்துக் கொடுத்தேன். மக்கள் மனம் மாற ஒரு மாதம் போதுமே என்று, அடுத்த சம்பள ஞாயிற்றை எண்ணி என் நெஞ்சு அப்பொழுதே அடித்துக்கொள்ளத் தொடங்கியது.