லியோனில் நான் தின்ற நத்தை

நான் நத்தை தின்றேன். தின்றுவிட்டு, தின்னவேயில்லை என்று சாதித்து, என் புருசனைப் புத்தி மாறாட்டக்காரர் ஆக்கினேன்.

முதலாவதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கோ! இரண்டாவதற்காகத்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சம். ஆனாலும் எழுதத்தான் போகிறேன்.

சிவதீட்சை கேட்டவர்கள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடக்கூடாது. கேட்ட நாள் முதல் நான் முட்டைகூடத் தொட்டதில்லை. அதனால்தான் கோயில் மடைப்பள்ளியில் சுவாமிக்கு அமுது சமைக்க என்னை விட்டார்கள். இந்த லண்டனில் எனக்கென்று இருந்த ஒரே மரியாதை அதுதான்... நாங்கள் இருக்கிற வால்தம்ஸ்டோவில் பக்கத்து வீட்டுக்காரிக்கு என் பெயர்கூடத் தெரியாது.

இவருக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. எங்கள் கலியாண நாளுக்கென்று மகள் எங்களைப் பிரான்சுக்கு, லியோன் பட்டணத்துக்கு அனுப்பினாள். இரண்டு ஆறு ஓடுகிற ஊர். காலையில் மலையேறித் தேவாலயம் பார்ப்போம். மத்தியானம் இவர் மாட்டுக் குடல், தவளைக்கால் என்று ஒன்றையும் விடமாட்டார். எனக்கு வெறும் பாண் ரொட்டியும் இலைச் சலாட்டும்.

கடைசி நாள் மழை. ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குள் ஒதுங்கினோம். குழி குழியான தட்டில் நத்தை வந்தது. உள்ளிப்பூண்டும் பட்டரும் கொதித்தபடி... அந்த வாசம்!

"இஞ்சரும், ஒண்டைத் திண்டு பாரும்."

"உங்களுக்கென்ன விசரே? நான் தீட்சை கேட்டவள்."

"சிவபெருமான் றெயின் ஏறி இஞ்சை வரமாட்டார்."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயில் வைத்தேன். ஒன்றோடு நின்றேனா? இல்லை! தட்டில் மிஞ்சிய பட்டரைப் பாணால் துடைத்தும் தின்றேன். அப்போது அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை அதற்கு முன் நான் கண்டதேயில்லை.

அந்தச் சந்தோசம் வாயை அடக்க விடுமா? லண்டன் திரும்பியபின், பேரனின் பிறந்தநாளில், கோயில் பெண்டுகளும் இருக்க, "என்ரை மனுசி நத்தை திண்டவ, தெரியுமோ!" என்றார்.

எல்லாக் கண்ணும் என் மேல். குனிந்துகொண்டு சொன்னேன்: "பாவம், அவருக்கு இப்ப எல்லாம் மாறாட்டம். நடந்தது நடவாதது தெரியுதில்லை."

வாய் திறவாதவள் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு பேரனுக்குக் கேக் வெட்டிக் கொடுக்கப் போனார்.

மகள் அவரை டொக்டரிடம் கூட்டிப் போனாள். இனிக் கார் ஓடக்கூடாதென்று திறப்பை வாங்கி வைத்தாள். அவர் எந்தக் கதை தொடங்கினாலும் சும்மா தலையாட்டினார்கள். கதை சொல்வதையே விட்டுவிட்டார். நானோ... மடைப்பள்ளியில் அமுது கிண்டிக்கொண்டிருந்தேன்! எந்த மனத்தோடு?

போன வெள்ளி, கோயில் பெண்டுகளிடம் இனிச் சமைக்க வரமாட்டேன் என்றேன்.

"முழங்கால் வருத்தமோ அக்கா?"

"இல்லை. நத்தை திண்டனான்."

விழுந்து விழுந்து சிரித்தார்கள். பகிடி விடுகிறேனாம்!

வீட்டுக்கு வந்து, அவர் பக்கத்தில் இருக்க, மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா, அப்பாவுக்காகப் பொய் சொல்லாதேங்கோ."

"பொய்யில்லையடி! அவரையே கேள்!"

அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி, "இல்லைப் பிள்ளை. கொம்மா ஒண்டும் தின்னேல்லை. நான்தான் மாறிச் சொல்லிப்போட்டன்" என்றார்.

என்னைக் காப்பாற்றச் சொன்னாரா? அல்லது நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவரையே நம்ப வைத்துவிட்டோமா? பிறகு தனியே கேட்டேன். கோப்பையைக் கழுவப் போய்விட்டார்...

நான் விடப்போவதில்லை. "ஓம், நீர் திண்டனீர்தான்" என்று அவர் வாயால் கேட்கும்வரை நாளைக்கும் சொல்லுவேன், நாளன்றைக்கும் சொல்லுவேன். இன்று காலையும் சொன்னேன்.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்ற காரைத் தாண்டி, பஸ்ஸுக்குப் போனார்.